கொடியில் மூன்று

டிசம்பர் 1, ஞாயிறு

இந்த டைரி இங்கே பிராணிகளைப் பார்க்க வரும் டாக்டரம்மா கொடுத்தது. "அக்கா, தினமும் காலையில வெப்பம், ஈரம் ரெண்டையும் எழுதுங்க. வேற எது கண்ணுல பட்டாலும் எழுதுங்க" என்றார். நான் படித்தது நாலாம் வகுப்பு. என் கண்ணில் படுவதை எல்லாம் எழுதினால் டாக்டரம்மா வேலையை விட்டே ஓடிவிடுவார். கேட்டால் எண்களை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

என் பேர் பவளக்கொடி. கோத்தகிரிக்கு வெளியே பழைய தேயிலைக் கிடங்கில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மீட்பு இல்லத்தில் வேலை. விமானத்தில் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்து பிடிபட்ட ஜந்துக்களை இங்கே வைத்திருக்கிறார்கள். ஆறு பச்சை ஓணான், ஒரு பாம்பு. வெயில் ஊர்ப் பிராணிகளைக் குளிர் மலையில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஹீட்டர் போடுகிறார்கள். ஏனென்றால் கட்டடம் சும்மா கிடைத்ததாம்.

பாம்புக்கு நான் வைத்த பேர் கலெக்டரம்மா. யார் வந்து நின்றாலும் எழுந்திருக்காது, பந்து மாதிரிச் சுருண்டு உட்கார்ந்திருக்கும். விஷமில்லை. கோர்ட்டில் கேஸ் நடப்பதால் அதுதான் சாட்சி. சாட்சிக்கு ஏதாவது ஆனால் விசாரணை வரும்.

ஹீட்டர் எண்ணெய் ஹீட்டர். பட்டினி கிடந்த மாட்டின் விலா எலும்பு மாதிரி இருக்கும். சத்தம் கிடையாது. எதிர்ச் சுவரோரம் நான் கட்டிய துணிக்கொடி.

வெப்பம் 27. ஈரம் 68. கொடியில் மூன்று.

டிசம்பர் 2, திங்கள்

வெப்பம் 27. ஈரம் 66. கொடியில் இரண்டு.

எலக்ட்ரீஷியன் போஜன் கேட்டான்: "பவளாக்கா, உங்க வீட்டுல மட்டும் எப்படி தினமும் பெட்ஷீட் தொவைக்கிறீங்க? லாட்ஜ் நடத்துறீங்களா?"

"ஆமாடா. உங்க மாமா இப்ப ரெஸ்டுல இருக்கிற மாப்பிள்ளை. வெள்ள விரிப்பு இல்லாம படுக்க மாட்டாரு."

"மாமாவுக்குக் கை கால் எப்படி இருக்கு?"

"லாரி எஃப்.சி.க்கு ஒர்க்ஷாப்புல நின்னிருக்கு. வந்துரும்."

எங்கள் வீட்டுக்காரர் இருபத்தாறு வருடம் தேயிலை லாரி ஓட்டியவர். அதனால் வீட்டில் நான் அவரைக் கூப்பிடுவதும் 'டிரைவரே' என்றுதான். வலது பக்கம் வராமல் போனது எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று என் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் எழுதவும் வேண்டாம்.

டிசம்பர் 5, வியாழன்

இன்று ஹீட்டருக்குத் திறப்பு விழா. கல்யாண மண்டபத்துக்கு வைப்பார்கள், தண்ணீர் டேங்குக்கு வைப்பார்கள். ஹீட்டருக்கு வைத்து இப்போதுதான் பார்க்கிறேன். யாரோ நன்கொடையாகக் கொடுத்த காற்று ஹீட்டர். சுவரில் மாட்டி ரிப்பன் கட்டி வெட்டினார்கள். பட்டனைத் தட்டியதும் உர்ர்ரென்று ஊதியது. பத்து நிமிடத்தில் அறை அடுப்படி ஆனது. ஓணான்கள் சந்தோஷமாக வாயைத் திறந்தன. எல்லாரும் கை தட்டினார்கள்.

தட்டி முடித்ததும் மேனேஜர் என் கொடியைப் பார்த்தார்.

மேனேஜர் பேர் தயாபரன். பேரில் மட்டும் தயை. எதற்கெடுத்தாலும் கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டுவார். 'குழாயை மூடவும்.' 'கதவை மூடவும்.' பாத்ரூமில் ஒட்டியிருப்பதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. நான் அவருக்கு வைத்த பேர் நோட்டீஸ்.

"இது என்ன, வண்ணான் துறையா? விருந்தாளி வர்ற இடம். ஹீட்டர் இருக்கிற ரூம்ல துணி போட்டா தீப்பிடிக்கும்."

"ஹீட்டர் மேல போடலீங்க சார். எட்டடி தள்ளி, கொடியிலதான்."

"சொந்தத் துணி இனிமே இங்க வரக் கூடாது."

சாயங்காலமே நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. 'இங்கு துணி காயப்போடத் தடை.' கொடியையும் அறுத்துவிட்டார். என் நைலான் கயிறு. நான் வாங்கியது.

எண்ணெய் ஹீட்டரை ஸ்டோர் ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

டிசம்பர் 6, வெள்ளி

வெப்பம் 30. ஈரம் 44. கொடி இல்லை. வயிறு எரிகிறது, அதற்கு எந்த மீட்டரும் இல்லை.

டிசம்பர் 9, திங்கள்

வெப்பம் 30. ஈரம் 39.

வெளியே நாலு நாளாக வெயிலே இல்லை. பனிமூட்டம் சன்னலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கொடுத்த குவாட்டர்ஸ் ஒற்றை அறை. கட்டில்காலில் கட்டி, கதவில் கட்டி, சாமி படத்து ஆணியில் கட்டித் துணியைப் போட்டிருக்கிறேன். பிழிந்து பிழிந்து என் மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். துணியைத் தொட்டால் தவளை மாதிரி இருக்கிறது.

டிரைவர் கேட்டார்: "ஏம்புள்ள, ஈரமாவே இருக்கு?"

"ஊட்டிக்கு ஹனிமூன் வர்றவங்க இதுக்குன்னே வர்றாங்க, ஜில்லுனு. உங்களுக்குச் சும்மா கெடைக்குது."

சிரிக்கவில்லை. வாயின் ஒரு பக்கம்தான் வரும், அதுவும் வரவில்லை.

வெளியே வந்து கத்தினேன். யாரையும் பார்த்து அல்ல, சும்மா மலையைப் பார்த்து. அங்கே மூன்று யூனிட் கரண்டை ஊதிக் காற்றைக் காயவைக்கிறார்கள். இங்கே ஒரு பெட்ஷீட் காய வழியில்லை.

டிசம்பர் 16, திங்கள்

வெப்பம் 31. ஈரம் 36.

கலெக்டரம்மாவின் கண் பால் ஊற்றின மாதிரி வெளுத்திருக்கிறது. சட்டை கழற்றப் போகிறது. போன முறை தலையிலிருந்து வால்வரை ஒரே காலுறை மாதிரி கழற்றியது. கண்ணாடிச் சில்லு போல இரண்டு கண்மூடியும் அதிலேயே இருந்தன. டாக்டரம்மா லைட்டில் பிடித்துக் காட்டினார். பாம்புக்கு இமை கிடையாது, கண்மேலும் ஒரு தோல், அதுவும் சட்டையோடு வர வேண்டும்.

பாம்பு ஈரத்துக்கு நுழைந்து படுக்கும் பாசிப் பெட்டியை நனைத்து வைத்தேன். மதியத்துக்குள் காய்ந்து வைக்கோல் ஆகிவிட்டது. மறுபடி நனைத்தேன். ஊதுகிறவன் ஊதிக்கொண்டே இருக்கிறான்.

டிசம்பர் 21, சனி

சட்டை உரிந்தது என்று சொல்ல முடியாது. கிழிந்தது. வெயிலில் கிடந்த போஸ்டரைக் கிழித்த மாதிரித் துண்டு துண்டாக. முதுகில் ஒட்டிக்கொண்டு பாதி நிற்கிறது. வலது கண்ணில் மூடி அப்படியே இருக்கிறது. அந்தக் கண் பழைய ஐந்து பைசா மாதிரி மங்கல்.

மேனேஜர் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. போனார், முள் வாங்கும் இடுக்கியோடு வந்தார்.

"பிடிச்சுக்கோ. கண்ணுல இருக்கிறதை எடுத்துடலாம்."

"சார், வேண்டாம். கண்ணே கூட வந்துரும்."

"நீ டாக்டரா?"

"நீங்க டாக்டரா?"

அவர் குனிந்தார். நான் கையைத் தட்டிவிட்டேன். இடுக்கி போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. கலெக்டரம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நான் கை ஓங்கிய முதல் ஆம்பளை இவர்தான், அதுவும் ஒரு பாம்புக்காக. டிரைவரிடம் சொன்னால் பொறாமைப்படுவார்.

சாயங்காலம் கையில் ஒரு தாள் கொடுத்தார். ஒட்டவில்லை, கையிலேயே கொடுத்தார். 'பாம்புக்கு ஏற்படும் பாதிப்புக்குப் பராமரிப்பாளர் பவளக்கொடியே பொறுப்பு. அடுத்த முறையும் இவ்வாறு நேர்ந்தால் பணி நீக்கம் செய்யப்படுவார்.'

பணி நீக்கம் என்றால் குவாட்டர்ஸும் போகும். எழுந்து உட்காரவே ஆள் வேண்டியவரைத் தோளில் போட்டுக்கொண்டு நான் எந்த மலையில் இறங்குவது?

டிசம்பர் 22, ஞாயிறு

டாக்டரம்மா மெர்லின் குன்னூரிலிருந்து ஞாயிறு என்று பார்க்காமல் வந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் பாம்பை வைத்து முதுகுத் தோலை விரலால் தள்ளித் தள்ளி எடுத்தார். கண்ணைத் தொடவில்லை.

"அடுத்த சட்டை ஒரு மாசம் ஒண்ணேகால் மாசத்துல வரும். அப்ப ரெண்டு மூடியும் சேர்ந்து வந்துட்டா பிழைச்சோம். அதுவும் ஒட்டிக்கிச்சுன்னா உள்ள சீழ் வச்சு கண் போயிரும். ரூம்ல அறுபதுக்கு மேல ஈரம் இருந்தே ஆகணும் அக்கா. மாசம் ஆரம்பத்துல அறுபத்தெட்டு இருந்துச்சே, என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க டாக்டரம்மா. பழைய ஹீட்டர் இருந்துச்சு."

மேனேஜர் உடனே, "அப்ப ஹீட்டர்தான் தண்ணியைக் குடிக்குது. ஃபேன் இல்லாத ஹீட்டர் வாங்கிடலாம்" என்றார். பழையதை எடுத்து வைக்கலாமே என்றேன். ரிப்பன் வெட்டியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினால் நன்கொடைக்காரர் என்ன நினைப்பார் என்றார். புதியது வாங்கினால் மட்டும் சந்தோஷப்படுவாராக்கும்.

டிசம்பர் 24, செவ்வாய்

கம்பி ஹீட்டர் வந்தது. இரண்டு கம்பி சிவந்து எரிகிறது. முன்னால் நின்றால் முழங்கால் வேகிறது, பின்னால் நின்றால் பல் கிட்டுகிறது. வெப்பம் 26. ஈரம் 43. ஓணான்கள் வெற்றிலைக் கடைக்கு முன்னால் நிற்கிற கூட்டம் மாதிரி ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டன. ஒன்றுக்கு வால் நுனித் தோல் காய்ந்து கறுத்திருக்கிறது.

தண்ணீர் டிரே மூன்று வைத்தேன். இரண்டு புள்ளி ஏறியது. அவ்வளவுதான்.

போஜன் சொன்னான்: "அக்கா, இது அப்பளம் சுடத்தான் லாயக்கு."

"உங்க மேனேஜரைக் கொஞ்ச நேரம் முன்னால நிக்கச் சொல்லு. ரெண்டு பக்கமும் திருப்பிக்கலாம்."

டிசம்பர் 29, ஞாயிறு

வெப்பம் 26. ஈரம் 42. வீட்டில் நான்கு. ஒன்றும் காயவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

புது வருடத்துக்குப் புது ஹீட்டர். இந்தத் தடவை கேஸ் ஹீட்டர், பின்னால் சிலிண்டர். பட்டென்று பற்றியது. ஒரு மணி நேரத்தில் ஈரம் 58, மதியம் 72! சன்னல் கண்ணாடி எல்லாம் வியர்த்து வழிந்தது. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மழையை அவர்தான் பெய்ய வைத்த மாதிரி.

எனக்கு இரண்டு மணிக்கு மேல் தலை கனத்தது. ஓணான் ஒன்று மரத்துண்டிலிருந்து நழுவி விழுந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

"கதவைத் திறங்க! முதல்ல வெளிய வாங்க! புகை போக வழியில்லாத ரூம்ல கேஸ் ஹீட்டரா? கேஸ் எரிஞ்சா ஆவி வரும், அதான் மீட்டர் ஏறுது. கூடவே விஷக்காத்தும் வரும் அக்கா. அதுக்கு வாசனைகூட கிடையாது!"

எல்லாவற்றையும் கூடையில் போட்டு வராந்தாவுக்குத் தூக்கினேன். போஜன் சிலிண்டரை மூடினான். மேனேஜர் வாசலில் நின்றுகொண்டு, "கடைக்காரன் சொல்லவே இல்லையே" என்றார். செத்திருந்தால் அதையும் நோட்டீஸ் அடித்து ஒட்டியிருப்பார்: 'மூச்சு விடத் தடை.'

நான் அங்கே விழுந்திருந்தால், சாயங்காலம் டிரைவரை யார் புரட்டிப் படுக்க வைத்திருப்பார்கள்? இதை நினைத்ததும் வந்த கோபத்தில் கேஸ் ஹீட்டரை ஓர் உதை விட்டேன். கால் விரல்தான் வீங்கியது.

ஜனவரி 7, செவ்வாய்

கடைசியில் பழைய எண்ணெய் ஹீட்டர் வந்தது. விலா எலும்பைத் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தேன். இனி 68 வரும் என்று எல்லாரும் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெப்பம் 27. ஈரம் 46.

சாயங்காலமும் 46.

டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அதே ஹீட்டர், அதே ரூம். சரி, இப்ப குளிர் காத்து வறண்டது, அஞ்சு புள்ளி குறையும். இருபது குறையாது. அக்கா, அப்ப அந்த ரூம்ல இருந்து இப்ப இல்லாதது என்ன?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 8, புதன்

யோசிக்க ஒன்றுமில்லை. தெரிந்துவிட்டது. முன்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கொடியில் மூன்று, ஈரம் 68. கொடியில் இரண்டு, ஈரம் 66. என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

சொல்ல மாட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

டிரைவரைத் துடைத்துவிடும்போது பார்த்தேன். இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து ஒரு ரூபாய் அளவு சிவந்திருக்கிறது. அவருக்கு அந்த இடத்தில் உணர்ச்சி குறைவு, அதனால் சொல்லவில்லை. அல்லது தெரிந்தும் சொல்லவில்லை.

அங்கே ஈரம் இல்லாமல் ஒரு தோல் கிழிகிறது. இங்கே ஈரத்தில் கிடந்து ஒரு தோல் கிழிகிறது. நடுவில் நாற்பதடி முற்றம். அதைத் தாண்டவிடாமல் நிற்கிறது ஒரு காகிதம்.

மருந்து தடவினேன். "வலிக்குதாங்க?"

"இல்ல."

"பொய் சொன்னா இந்தப் பக்கமும் வராம போயிரும்."

"பவளம், யாருகிட்டயும் சொல்லிராத."

"எதை?"

"இதை."

சொல்லவில்லை என்றேன். சொல்லாமல் இருந்தால் பாம்புக்குக் கண் போகும், எனக்கு வேலை போகும், உங்களுக்குப் படுக்கை போகும் என்று சொல்லவில்லை. அவர் மேலும் கோபம் வந்தது. படுத்திருக்கிறவர் மேல் கோபப்படக் கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்கள் வந்து ஒரு நாள் துவைத்துப் பார்க்கட்டும்.

ஜனவரி 13, திங்கள்

நாளைக்குப் பொங்கல். டாக்டரம்மா ஓணான் வாலைப் பார்க்க வந்தார். இந்த டைரியை அப்படியே கையில் கொடுத்துவிட்டேன். தனித்தாளில் எண் எழுதித் தரும் ஜம்பம் எல்லாம் போயிற்று.

சன்னலோரம் நின்று படித்தார். நோட்டீஸ் வரும் இடத்தில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. ஜனவரி பத்தாம் தேதியில் கொஞ்ச நேரம் நின்றார்.

"எந்த ஹீட்டரும் தண்ணியைக் குடிக்கிறதில்ல அக்கா. காத்து சூடானா அதுக்குத் தாகம் எடுக்கும், அவ்வளவுதான். ஃபேன் வச்சு ஊதினா இன்னும் சீக்கிரமா எடுக்கும். குடிக்க ஈரத் துணி இருந்தா அதைக் குடிக்கும். இல்லைன்னா பாசியைக் குடிக்கும், அப்புறம் பாம்புத் தோலைக் குடிக்கும்."

"டிரேயில வச்ச தண்ணிய ஏன் குடிக்கல?"

"டிரே ஒரு முழம். உங்க பெட்ஷீட் ஒரு சுவர். இத்தனை நாளா இந்த ரூமுக்குத் தண்ணி குடுத்தது நீங்கதான்."

"நான் இல்லீங்க" என்றேன். வேறு யார் என்று அவர் கேட்கவில்லை. டைரியைத் திருப்பித் தந்தார். "மேனேஜர்கிட்ட ஈரத் துணி தொங்கணும்னு மட்டும் சொல்றேன். மத்தது உங்க வீட்டு விஷயம். புண்ணுக்கு வேற களிம்பு எழுதித் தரட்டுமா? நான் மாட்டு டாக்டர்தான், ஆனா படுக்கைப்புண் படுக்கைப்புண்தான்."

ஜனவரி 17, வெள்ளி

இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது.

டாக்டரம்மா சொன்னதும் மேனேஜர் ஒத்துக்கொண்டார். கொடி கட்டியாயிற்று. பிறகு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே பன்னிரண்டு பெரிய பூந்துவாலை, வெள்ளை வெளேரென்று, மூலையில் அறக்கட்டளை முத்திரை.

"தினமும் காலையில இதை நனைச்சுப் பிழிஞ்சு கொடியில போடணும். காஞ்சதும் மறுபடி நனைக்கணும்."

"சார், வீட்டுல நனைஞ்ச துணியே நிறைய இருக்குங்க. தொவைச்சு, டெட்டால் போட்டு அலசினது. அதைப் போட்டா..."

"சொந்தத் துணி கூடாதுன்னு சொல்லிட்டேன். விதின்னா விதி."

நோட்டீஸில் ஒரு வரி சேர்த்துவிட்டார். 'அலுவலகத் துணி நீங்கலாக.'

காய்ந்த துணியை நனைக்க எனக்குச் சம்பளம். நனைந்த துணியைக் காயவைக்க எனக்குத் தடை. இதைக் கேட்டு ஓணான்கூடத் தலையை ஆட்டியது.

ஜனவரி 19, ஞாயிறு

வெப்பம் 27. ஈரம் 67. கொடியில் நான்கு.

துவாலை வீட்டில் இருக்கிறது. பஞ்சு மாதிரி, காய்ந்து, சுத்தமாக. டிரைவருக்குக் கீழே இரண்டு மடித்துப் போட்டேன். முத்திரை மேல் பக்கம் வருகிற மாதிரியே போட்டேன். மேனேஜருக்கு ஞாயிறு லீவு. பாம்புக்கு வேண்டியது ஈரம், முத்திரை இல்லை. அவருக்கு வேண்டியது காய்ந்த துணி. இரண்டு பேருக்கும் வேண்டியது போய்ச் சேர்ந்துவிட்டது. கோபம் வந்தால் என் மூளை நன்றாக வேலை செய்கிறது. நாலாவதில் வாத்தியார் இன்னும் கொஞ்சம் அடித்திருந்தால் ஐந்தாவது போயிருப்பேன்.

வாரநாளில் வாசல் பக்கம் தெரிகிற மாதிரி துவாலை இரண்டு, பின்னால் மறைவாகப் பெட்ஷீட்.

ஜனவரி 26, ஞாயிறு

வெப்பம் 27. ஈரம் 70. கொடியில் மூன்று. புண் காய்ந்து ஓரம் சுருங்குகிறது.

கலெக்டரம்மாவின் கண் பால் ஆகிவிட்டது.

ஜனவரி 30, வியாழன்

கண் தெளிந்தது. வலது கண் மட்டும் இன்னும் மங்கல். இனி இரண்டு மூன்று நாளில் கழற்றும். பாசியை மூன்று தடவை நனைத்தேன்.

பிப்ரவரி 1, சனி

அறக்கட்டளைத் தலைவர் அம்மா வந்தார். எழுபது வயது இருக்கும். கைத்தடி, கம்பளிச் சால்வை, கூட ஏழெட்டு விருந்தாளிகள். மேனேஜர் முந்தின நாளே ஒரு பலகை எழுதி வைத்திருந்தார்: 'அறிவியல் முறையில் ஈரப்பத நிர்வாகம்.' குச்சியால் தட்டித் தட்டி விளக்கினார். நான்கு வகை ஹீட்டரை 'ஆய்வு செய்து' கண்டுபிடித்தாராம். என் கால் விரல் அந்த ஆய்வில் வீங்கியதைச் சொல்லவில்லை.

"இதோ, நமது பிரத்யேகத் துவாலைகள்" என்று துவாலையை விலக்கினார்.

பின்னால் என் பெட்ஷீட். ரோஜாப்பூப் போட்டது. அதற்குப் பின்னால் கோடு போட்டது. அதற்குப் பின்னால் டிரைவரின் லுங்கி.

யாரோ சிரித்தார்கள். மேனேஜர் காது சிவந்துவிட்டது. "பவளக்கொடி! எத்தனை தடவை சொல்றது? துவாலை எல்லாம் எங்க? யாரோட அழுக்குத் துணி இது?"

அழுக்குத் துணி என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

"அழுக்கு இல்லீங்க சார். மூணு தண்ணி அலசினது. எங்க வீட்டுக்காரர் பெட்ஷீட்டு. அவருக்கு ஒண்ணுக்குப் போறது தெரியாது. ஒரு நாளைக்கு மூணு, சில நாள் நாலு. பதினோரு மாசமா நான் தொவைக்கிறேன். பலகையில எழுதியிருக்கீங்களே நிர்வாகம், அது இதுதான். டிசம்பர்ல நீங்க இதை எடுத்தீங்க, பாம்புக்குக் கண்ணு மங்கிச்சு. இப்ப போட்டேன், எழுபது நிக்குது, மீட்டரைப் பாருங்க. உங்க துவாலை எங்க வீட்டுல இருக்கு. அவரு கீழ காஞ்ச துணி ஒண்ணு வேணுமில்ல? திருடினேன்னு எழுதி ஒட்டுங்க. அதையும் ஒட்டுங்க!"

சத்தமாகத்தான் சொன்னேன். எங்கள் குவாட்டர்ஸ் நாற்பதடியில். சன்னல் திறந்திருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

விருந்தாளிகள் தரையைப் பார்த்தார்கள். போஜன் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினான், எதற்கென்று அவனுக்கே தெரியாது. தலைவர் அம்மா மெதுவாக வந்து ரோஜாப்பூ பெட்ஷீட்டின் முனையை விரலால் தொட்டார்.

"இன்னும் காயலை" என்றார். பிறகு மேனேஜரைப் பார்த்து, "தயாபரன், டீ சொல்லியிருந்தீங்களே?" என்றார். எல்லாரும் போய்விட்டார்கள்.

மேனேஜர் மட்டும் ஒரு நிமிடம் நின்றார். பலகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் போனேன். டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தார். அவராகத் திரும்ப முடியாது. இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்துத் திரும்பியிருக்கிறார். அவ்வளவு பாடுபட்டு என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்.

கஞ்சி வைத்தேன். தொடவில்லை. "டிரைவரே" என்றேன். பேசவில்லை. வேறு என்னென்னமோ சொன்னேன், கிண்டல் ஒன்றும் எடுபடவில்லை. அப்புறம் கஞ்சியை மூடி வைத்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வெப்பம் 27. ஈரம் 69. கொடியில் மூன்று.

காலை ஏழரைக்குப் போனால் கலெக்டரம்மா மரத்துண்டுக்கு வெளியே நீளமாகக் கிடந்தது. புதுப் புடவை மாதிரி மினுங்கியது. பெட்டி ஓரத்தில் சட்டை, ஒரே துண்டு. லைட்டில் பிடித்தேன். இடது கண்ணில் ஒரு மூடி. வலது கண்ணில் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று, ஒட்டியபடி. பாம்பைக் குனிந்து பார்த்தேன். இரண்டு கண்ணும் மிளகு மாதிரிக் கறுப்பாக என்னைப் பார்த்தன. வழக்கம்போல மரியாதை இல்லாமல்.

டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன். அந்தப் பக்கம் அவர் கத்தியதில் அவர் வீட்டு நாய் குரைத்தது.

மேனேஜர் லீவு நாளிலும் வந்திருந்தார். பழைய நோட்டீஸைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். புதியது ஒன்று ஒட்டினார். 'இந்தக் கொடியில் ஈரத் துணி மட்டுமே காயப்போட வேண்டும்.' காய்ந்த துணியை எவன் காயப்போடுவான் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர் அதையும் அடித்துத்தான் ஒட்டுவார். அதற்காக என் கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். என் நைலான் கயிறு இன்னும் வரவில்லை.

சட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குப் போனேன். டிரைவர் கண் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மார்பின்மேல் நீளமாக விரித்தேன். சரசரவென்றது.

மெதுவாக இடது கையை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"கண்ணு?"

"ரெண்டும் வந்துருச்சுங்க. முழுசா."

விரலால் தடவித் தடவித் தலைப்பக்கம் போய், அந்த இரண்டு வட்டத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"அப்பச் சரி" என்றார். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பி, "கீழ நனைஞ்சிருக்கு, பவளம். எடுத்துட்டுப் போ" என்றார்.

பதினோரு மாதத்தில் அவராகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

கொடியில் நான்கு.